நாய்க்குட்டி சொறிந்துகொண்டே இருக்கிறதா? க்ரீமைத் தேடும் முன் காரணத்தைத் தேடுங்கள்

ராத்திரி ரெண்டு மணி. தரையில் 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்து எழுந்தேன். கட்டிலுக்கு அடியில் எங்கள் வீட்டுக் குட்டி 'முறுக்கு' பின்னங்காலால் வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது. கால் தரையில் இடிக்கிற சத்தம்தான் அது. பெருங்குடி பக்கம், கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தில் இருந்து தூக்கி வந்த நாட்டு நாய்க்குட்டி. அப்போது அதற்கு நாலு மாதம்.

காலையில் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். அரை மணி நேரத்தில் பதினோரு பதில்கள். வேப்பெண்ணெய் தடவுங்க. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுத் தேய்ங்க. குளிக்கிற தண்ணியில் ரெண்டு மூடி கிருமிநாசினி ஊத்துங்க. சிக்கனை நிறுத்துங்க. உடம்புச் சூடுதான், மோர் கொடுங்க. எல்லாரும் அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் "எந்த இடத்துல சொறியுது?" என்று பதினொரு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நானும் யோசிக்கவில்லை. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில், "நாய்க்கு அரிப்பு, ஏதாவது க்ரீம் இருந்தா கொடுங்க" என்றேன். கொடுத்தார்கள். மூன்றே நாளில் சொறிவது குறைந்தது. நமக்கும் கொஞ்சம் மருத்துவம் தெரியும் போலிருக்கே என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது வாரம் கண்ணைச் சுற்றி முடி கொட்டியது. முன்னங்கால்களில் வழுக்கைத் திட்டுகள், வயிற்றில் சீழ்க் கொப்புளங்கள். அதன் பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம்.

அவர் பிளேடு முனையால் தோலை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சுருட்டு மாதிரி நீளமான உடம்பு, குட்டிக் குட்டிக் கால்கள். அது ஒரு வகைச் சிற்றுண்ணி. நான் தடவிய க்ரீமில் இருந்த ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கியது; கூடவே, அந்தப் பூச்சியைக் கட்டுக்குள் வைத்திருந்த தோலின் எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கிவிட்டது. "க்ரீமைப் போட்டு நல்லா வளர்த்திருக்கீங்க" என்றார் மருத்துவர். குட்டியைச் சொல்கிறாரா, பூச்சியைச் சொல்கிறாரா என்று ஒரு நொடி குழம்பினேன்.

அன்றைக்குப் புரிந்ததுதான் இந்தக் கட்டுரை. அரிப்பு என்பது நோயின் பெயர் கிடையாது. காய்ச்சல், தலைவலி மாதிரி அது ஓர் அறிகுறி. ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிக்கு அரிப்பு வர ஏழெட்டுப் பொதுவான காரணங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றை மோசமாக்கலாம். அதனால் "அரிப்புக்கு என்ன மருந்து?" என்ற கேள்வியே தப்பு என்பது என் கருத்து. "ஏன் அரிக்குது?" என்று கேட்டுப் பழகுவதுதான் குட்டிக்கு நாம் செய்யக்கூடிய முதல் வைத்தியம்.

முதல் சந்தேகம்: தெள்ளு

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது தெள்ளுப்பூச்சி. "எங்க வீடு ஏழாவது மாடி, தெள்ளு எப்படி வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நாய் லிஃப்டில் இறங்கி நடைக்குப் போகிறது அல்லவா? அதே லிஃப்டில் தெள்ளும் ஏறி வரும்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. குட்டியை ஒரு வெள்ளைத் துணியில் நிறுத்தி, பேன் சீப்பால் வால் தொடங்கும் இடத்தில் வாருங்கள். மிளகுத்தூள் மாதிரி கறுப்புத் துகள்கள் விழுந்தால், அவற்றை ஈரமான டிஷ்யூ பேப்பரில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பாக நிறம் பரவினால் அது மண் இல்லை, தெள்ளின் எச்சம். நிறம், அது குடித்த ரத்தத்தினுடையது. தெள்ளு ஒன்றுகூடக் கண்ணில் படாவிட்டாலும் இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

பலர் தோற்பது இதற்கு அடுத்த கட்டத்தில். நாயின் உடம்பில் நாம் பார்க்கும் வளர்ந்த தெள்ளுகள் மொத்தக் கூட்டத்தில் சுமார் 5 சதவீதம்தான். மீதி 95 சதவீதம் முட்டை, புழு, கூட்டுப்புழு என்று சோபா இடுக்கிலும் மிதியடியிலும் குட்டியின் படுக்கையிலும் இருக்கிறது. ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40 முட்டை வரை இடும். கூட்டுக்குள் இருப்பவை மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால்தான் ஒரு தடவை மருந்து போட்டுவிட்டு, "போட்டேன், கேட்கலை" என்று சொல்கிறோம். மருந்து வேலை செய்திருக்கும். அடுத்த தலைமுறை பொரித்திருக்கும். குறைந்தது மூன்று மாதம் விடாமல் மருந்து தர வேண்டும். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை நடக்க வேண்டும்.

சில நாய்களுக்குத் தெள்ளின் எச்சிலே ஒவ்வாது. இரண்டு கடி பட்டாலே இடுப்பில் இருந்து வால்வரை கடித்துக் குதறிக்கொள்ளும். சின்னக் குட்டிகளிடம் தெள்ளு அதிகமானால் ரத்தசோகையும் வரலாம். மலத்தில் அரிசிமணி போல ஏதாவது நெளிந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. குட்டி தன்னை நக்கும்போது விழுங்கிய தெள்ளு வழியாக வந்தது. குடற்புழு மருந்து மட்டும் கொடுத்துத் தெள்ளை விட்டுவிட்டால் புழு திரும்பி வரும்.

உண்ணி: அரிப்பைவிடப் பெரிய ஆபத்து

நம் ஊரில் நாய்களில் அதிகம் காணப்படும் பழுப்பு உண்ணிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது வீட்டுக்குள்ளேயே, சுவர் விரிசலில் முட்டையிட்டு வாழ்க்கைச் சுழற்சியை முடித்துக்கொள்ளும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில், வாலுக்குக் கீழே தினமும் தடவிப் பாருங்கள். கண்டால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, மெதுவாக இழுங்கள். கையால் நசுக்குவது, மண்ணெண்ணெய் விடுவது, ஊதுபத்தியால் சுடுவது எல்லாம் வேண்டாம்.

உண்ணியால் வருகிற அரிப்பைவிட உண்ணிக் காய்ச்சல்தான் பயம். குட்டி சாப்பாட்டை ஒதுக்கி, சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்துப்போனாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சொறியில் இரண்டு உண்டு

'சொறி பிடிச்சிருக்கு' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் இரண்டு வெவ்வேறு நோய்கள்.

ஒன்று 'சார்கோப்டிக்' சொறி. இந்தச் சிற்றுண்ணி தோலுக்குள் குடைந்து போகும். அரிப்பு பயங்கரமாக இருக்கும். குட்டி தூங்காது, சாப்பாட்டின் நடுவிலேயே நிறுத்திவிட்டுச் சொறியும். காது விளிம்பு, முழங்கை, பின்னங்கால் முட்டி, வயிறு ஆகிய இடங்களில் தொடங்கும். காது மடலின் ஓரத்தை விரலால் மெல்லத் தேய்த்தால், பாதிக்கப்பட்ட பல நாய்களுக்குப் பின்னங்கால் தானாகச் சொறியத் தொடங்கிவிடும். மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு தடயம் இது. இந்த வகை நாயிடம் இருந்து நாய்க்குத் தொற்றும். குட்டியைத் தூக்கிக் கொஞ்சுகிறவர்களின் கையிலும் வயிற்றிலும் சிவப்புப் புள்ளிகள் வந்து அரிக்கலாம். நாய்க்குச் சிகிச்சை முடிந்தால் மனிதர்களுக்கு அது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். வீட்டில் உங்களுக்கும் அரிக்கிறது என்றால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நோயைக் கண்டுபிடிக்க அது முக்கியமான துப்பு.

மற்றொன்று 'டெமோடெக்ஸ்' சொறி. முறுக்குக்கு வந்தது இதுதான். இந்தப் பூச்சி ஆரோக்கியமான நாய்களின் மயிர்க்கால்களிலும் கொஞ்சம் இருக்கும். பிறந்த முதல் சில நாட்களில், பால் குடிக்கும்போது தாயிடம் இருந்து குட்டிக்கு வருகிறது. எதிர்ப்புச் சக்தி இன்னும் முழுதாக வளராத குட்டிகளில் சில சமயம் கட்டுமீறிப் பெருகும். கண்ணைச் சுற்றி, வாயோரம், முன்னங்கால்களில் முடி கொட்டும். சுவாரஸ்யம் என்னவென்றால், இதில் முதலில் அரிப்பு அவ்வளவாக இருக்காது. அதன் மேல் பாக்டீரியா தொற்றும் சேர்ந்தால்தான் அரிக்கும். இது மனிதர்களுக்குத் தொற்றாது. ஓரிரு திட்டுகளோடு நின்றால் பல குட்டிகளுக்குத் தானாகவே ஆறிவிடும். உடம்பு முழுக்கப் பரவினால் மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும். அப்படிப் பரவிய நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

இரண்டையும் பிரித்துச் சொல்வது அந்தச் சுரண்டல் சோதனை. பத்து நிமிட வேலை. டெமோடெக்ஸ் என்றால் பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். சார்கோப்டிக் பூச்சி பல நேரம் சோதனையில் சிக்காது. அதனால் அறிகுறிகளை வைத்தே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவதும் உண்டு. "ரிப்போர்ட்ல ஒண்ணும் வரலையே, எதுக்கு மருந்து?" என்று அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

பாக்டீரியாவும் பூஞ்சையும்

குட்டியின் வயிற்றில், முடி குறைவான இடத்தில் சின்னச் சின்னச் சீழ்ப் புள்ளிகள் வந்தால் அது பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். லேசானது மருத்துவர் தரும் குளோர்ஹெக்சிடின் ஷாம்புவிலேயே சரியாகும். மூலகாரணம் வேறாக இருந்தால் திரும்பத் திரும்ப வரும்.

காதில் இருந்தும் பாதத்தில் இருந்தும் புளித்த வாடை, பிசுபிசுப்பு, தோல் கறுத்துத் தடிப்பது எல்லாம் 'ஈஸ்ட்' தொற்றின் அடையாளங்கள். சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களின் புழுக்கம் அதற்கு ரொம்பப் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நடை முடிந்து வந்ததும் கால் விரல் இடுக்கை உலர்ந்த துணியால் துடைத்தாலே பாதிப் பிரச்சினை குறையும். பனிப் பிரதேசத்துக்காக உருவான அடர்முடி ஹஸ்கியை இந்த ஊரில் வாங்கி வளர்ப்பவர்கள் இதை இரட்டிப்புக் கவனத்தோடு செய்ய வேண்டும். அந்த முடி நனைந்தால் உள்ளே காயவே காயாது. பக், புல்டாக் வகைகளின் முக மடிப்புகளும் அப்படித்தான்.

வட்டமாக முடி கொட்டி, ஓரம் செதில் செதிலாக இருந்தால் படர்தாமரை என்று சந்தேகிக்க வேண்டும். பெயரில் தாமரை இருந்தாலும் இது பூஞ்சை. குட்டிகளுக்கு எளிதில் வரும், மனிதர்களுக்கும் பரவும். வீட்டில் குழந்தைகளோ, வயதானவர்களோ, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களோ இருந்தால் தள்ளிப்போடக் கூடாது.

அலர்ஜி: கடைசியில் வர வேண்டிய பெயர்

இப்போதெல்லாம் எந்த அரிப்புக்கும் முதலில் சொல்லப்படும் வார்த்தை 'அலர்ஜி'. ஆனால் ஒட்டுண்ணி இல்லை, தொற்று இல்லை என்று உறுதியான பிறகே அந்தப் பெயருக்கு வர வேண்டும்.

மகரந்தம், வீட்டுத் தூசிப் பூச்சி போன்றவற்றால் வரும் பிறவி ஒவ்வாமை பெரும்பாலும் 6 மாதத்தில் இருந்து 3 வயதுக்குள் தலைகாட்டும். பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பது, முகத்தைக் கம்பளத்தில் தேய்ப்பது, அடிக்கடி காதுத் தொற்று வருவது இதன் போக்கு. லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பக், பிரெஞ்ச் புல்டாக் போன்ற வகைகளில் அதிகம் பார்க்கலாம். மூன்று மாதக் குட்டிக்கு இந்தப் பெயரை ஒருவர் சொன்னால், "வேற காரணம் எல்லாம் பார்த்தாச்சா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்கலாம்.

உணவு ஒவ்வாமை ஒரு வயதுக்கு முன்பே வரலாம். மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை ஆகியவைதான் அதிகம் சிக்குபவை. இதற்காக முடியை அனுப்பு, எச்சிலை அனுப்பு என்று விற்கப்படும் சோதனைகளை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ரத்தப் பரிசோதனையும் உணவு விஷயத்தில் நம்பகமானது அல்ல. ஒரே வழி, மருத்துவர் சொல்லும் உணவை மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்ப்பது. குறைந்தால், பழைய உணவைத் திரும்பக் கொடுத்து உறுதி செய்வது. கேட்கச் சுலபம், செய்வது கஷ்டம். வாட்ச்மேன் அண்ணா பாசத்தோடு கொடுக்கும் ஒரு பிஸ்கட், பாட்டி ஊட்டும் ஒரு வாய் தயிர்சாதம் போதும்; எட்டு வாரமும் வீண். அதனால் இது வீட்டில் எல்லாரும் சேர்ந்து எடுக்கிற விரதம்.

நாம் உண்டாக்கும் அரிப்பு

சில நேரம் குற்றவாளி நாம்தான். நம் தோல் அமிலத் தன்மை கொண்டது. நாயின் தோல் அதைவிட நடுநிலைக்கு நெருக்கமானது. நம் ஷாம்பு, குழந்தை சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் எதுவும் அதற்கு உகந்தது அல்ல. பாசத்தில் தினமும் குளிப்பாட்டினால் தோலின் இயற்கை எண்ணெய் போய் வறண்டு, அதுவே அரிக்கும். ஃபினாயில் ஊற்றித் துடைத்த தரை காயும் முன்பே குட்டி அதில் வயிற்றை வைத்துப் படுத்தால், முடியில்லாத அந்த இடம் சிவந்துபோகும். நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். முடிந்தால் அது படுக்கும் இடத்தை வெறும் தண்ணீரில் துடையுங்கள்.

கைவைத்தியம் என்ற பெயரில்

வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டுவதில் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் தோலுக்குள் குடைந்திருக்கும் பூச்சியை அது ஒன்றும் செய்யாது. கீழே சொல்பவை அப்படி இல்லை. குட்டியின் உயிருக்கே உலை வைக்கும்.

மெக்கானிக் கடைக் கழிவு ஆயில்: சொறிக்கு இதைத் தடவுவது நம் ஊரில் இன்னும் நடக்கிறது. அதில் உலோகங்களும் நச்சு வேதிப்பொருட்களும் இருக்கின்றன. குட்டி அதை நக்காமல் இருக்காது.

கற்பூரம்: நக்கி உள்ளே போனால் வலிப்புவரை கொண்டுபோகும்.

மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்து: "ஊர்ல இதைத்தான் போடுவாங்க" என்று வாங்கி, கண் அளவில் கலந்து குளிப்பாட்டி, எச்சில் ஒழுக, உடம்பு நடுங்கத் தூக்கிக்கொண்டு ஓடி வருபவர்கள் உண்டு. ஐம்பது கிலோ கன்றுக்கும் மூன்று கிலோ குட்டிக்கும் ஒரே அளவா?

நாய் மருந்தைப் பூனைக்குப் போடுவது: நாய்களுக்கான சில தெள்ளு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

தெரிந்தவர் சொன்ன ஊசி: ஐவர்மெக்டின் மோசமான மருந்து அல்ல. அதன் கண்டுபிடிப்புக்கு 2015-இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் கோலி போன்ற சில வகை நாய்களின் மரபணுவில், அந்த மருந்து மூளைக்குள் போகாமல் தடுக்கும் காவல் பலவீனமாக இருக்கும். சொறிக்குத் தரும் அளவு அவற்றுக்கு ஆபத்தாக முடியலாம். தெள்ளு, உண்ணி, சொறி மூன்றுக்குமே இன்று நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றிலும் வயது, எடை வரம்பு உண்டு. வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அரிப்பை நிறுத்தும் ஆக்லாசிட்டினிப் மாத்திரையை ஒரு வயது நிறையாத நாய்க்குத் தரக் கூடாது என்று அதன் பெட்டியிலேயே இருக்கிறது. ஆன்லைனில் நண்பரின் சீட்டை வைத்து வாங்கும்போது அதை யார் படிக்கிறார்கள்?

"குட்டி துடிக்குதே, அரிப்பை நிறுத்த வேண்டாமா?"

நியாயமான கேள்வி. நிறுத்தத்தான் வேண்டும். ஸ்டீராய்டும் வில்லன் இல்லை. காரணம் தெரிந்த பிறகு, சரியான அளவில், குறைந்த நாட்களுக்கு மருத்துவர் கொடுத்தால் அது நல்ல மருந்து. பிரச்சினை, காரணமே தெரியாமல் போடுவது. புகை வருகிறது என்று அலாரத்தின் வாயைப் பொத்தினால் தீ அணைந்துவிடுமா?

"டாக்டர்களே சோதனை பண்ணாம ஊசி போட்டு அனுப்புறாங்களே" என்பதும் உண்மைதான். அதில் நம் பங்கும் இருக்கிறது. ஆபீஸ் லாகின் நேரத்துக்குள் முடிய வேண்டும், ஒரே நாளில் அரிப்பு நிற்க வேண்டும், டெஸ்ட் என்றாலே பணம் பிடுங்குகிறார்கள் என்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறோம். அந்த முகத்துக்குக் கிடைப்பதுதான் ஊசி. முறுக்குக்காக நான் கடை கடையாக வாங்கிய ஷாம்பு, பவுடர், ஸ்ப்ரே, க்ரீம் எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்துச் சொச்சம். முதலிலேயே சோதனைக்குப் போயிருந்தால் அதில் ஒரு சிறு பகுதியில் விடை கிடைத்திருக்கும்.

தனியார் கிளினிக் செலவு கட்டாது என்றால் அரசுக் கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னை வேப்பேரியில் உள்ள மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிகள் ஆகியவற்றின் சிகிச்சை வளாகங்களுக்குப் போகலாம். காலையில் சீக்கிரம் போய்க் காத்திருக்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

போகும்போது இவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள்:

• அரிப்பு எப்போது தொடங்கியது? எந்த இடத்தில் முதலில் வந்தது? தொடக்கத்திலேயே போட்டோ எடுத்திருந்தால் இன்னும் நல்லது.
• அரிப்பு முதலில் வந்ததா, முடி கொட்டியது முதலில் வந்ததா?
• வீட்டில் வேறு பிராணிக்கோ மனிதருக்கோ அரிக்கிறதா?
• என்ன சாப்பிடுகிறது? பிஸ்கட், எலும்பு, 'ட்ரீட்' உட்பட எல்லாம்.
• இதுவரை என்ன தடவினீர்கள், என்ன கொடுத்தீர்கள்? திட்டு விழும் என்று பயந்து மறைக்காதீர்கள். நான் க்ரீம் டியூபைக் கையோடு கொண்டுபோய்க் காட்டியதால்தான் முறுக்கின் கதை அன்றே விளங்கியது.
• வருவதற்கு முந்தைய நாள் மருந்து ஷாம்பு போட்டுக் குளிப்பாட்ட வேண்டாம். பார்க்க வேண்டிய தடயங்கள் கழுவப்பட்டுவிடும்.

மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "தோலைச் சுரண்டிப் பார்க்க வேண்டியிருக்குமா டாக்டர்?" இந்த ஒரு கேள்வி, உடனே ஊசி போடச் சொல்லி நீங்கள் அவசரப்படுத்தவில்லை என்பதை அவருக்குச் சொல்லிவிடும்.

ஒரு வசவுச் சொல்லின் கதை

நம் மொழியில் 'சொறி நாய்' என்பது ஒரு நோயாளியின் பெயராக இல்லை. திட்டுவதற்கு வைத்திருக்கும் சொல். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் அருவருப்புதான் நிஜ நாய்களின் தலையெழுத்தையும் எழுதுகிறது. குட்டியாக, உருண்டையாக, முடியோடு இருக்கும்வரை வீட்டுச் செல்லம். ரெண்டு திட்டு விழுந்து, வாடை வந்தால், "குழந்தைக்கு ஒட்டிக்கும்" என்று பேச்சு தொடங்கும். ஒரு நாள் இரவு, வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஏதோ ஒரு தெருவில் இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். அதற்கு அந்தத் தெரு தெரியாது, அங்குள்ள நாய்கள் அதைச் சேர்க்காது, சாப்பாடு குறையும், எதிர்ப்புச் சக்தி விழும், திட்டு உடம்பெல்லாம் பரவும். அதன் பிறகு அதைப் பார்த்து நாம் மூக்கைப் பொத்துவோம்.

இதில் கொடுமை, நாம் இத்தனை வெறுக்கும் இந்தச் சொறி பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது. இரண்டு வகைகளில் ஒன்று மனிதருக்குத் தொற்றவே தொற்றாது. தொற்றுகிற இன்னொன்றும் முறையான சிகிச்சை எடுத்தால் சில வாரங்களில் அடங்கிவிடும். வீட்டை விட்டுத் துரத்தும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை. பெயர் தெரியாத அரிப்புக்குத்தான் இத்தனை பயம். பெயர் தெரிந்துவிட்டால் மாத்திரை, தேதி, மறுபரிசோதனை என்று அது ஒரு சாதாரண வேலையாகிவிடுகிறது.

முறுக்குக்கு மூன்று மாதம் பிடித்தது. மாதம் ஒரு மாத்திரை, வாரம் இரண்டு மருந்துக் குளியல், மாதம் ஒருமுறை சுரண்டல் சோதனை. முடி முளைத்த பிறகும் மருந்தை நிறுத்த மருத்துவர் சம்மதிக்கவில்லை. ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு சோதனைகளிலும் பூச்சி இல்லை என்று வந்த பிறகே விட்டார். கண்ணைச் சுற்றி முதலில் பூனைமுடி மாதிரி வந்தது, பிறகு பழைய செம்மண் நிறம் திரும்பியது.

போன வாரம் அதே வாட்ஸ்அப் குரூப்பில் புதிதாக ஒருவர் கேட்டிருந்தார்: "எங்க பப்பி ரொம்ப சொறியுது, ஏதாவது க்ரீம் சொல்லுங்க ப்ளீஸ்." வழக்கம்போல வேப்பெண்ணெயும் கற்பூரமும் வரிசையாக வந்து விழுந்தன. நான் ஒரே வரிதான் டைப் செய்தேன்.

"எந்த இடத்துல சொறியுது?"